பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வீட்டிலேயே பழுது பார்க்க ஒரு வழிகாட்டி

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது பெரிய டயரையும் வண்டியை உயர்த்தும் கிட்டையும்தான். அந்த வரிசை தலைகீழ். பல வருடம் ஓடிய வண்டியில் ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் உப்பியிருக்கும், சக்கரத்தைச் சுழலவிடும் ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கும். அதன்மேல் கனமான டயரை மாட்டினால் ஏற்கெனவே தளர்ந்த ஒவ்வொரு பாகத்தின் மேலும் சுமை ஏறும். எது முதலில் உடையும் என்பது மட்டும்தான் பிறகு கேள்வி. வண்டி ஒழுங்காக நிற்க வேண்டும், திருப்பிய பக்கம் திரும்ப வேண்டும், சூடேறாமல் ஓட வேண்டும். இந்த மூன்றும் அமைந்த பிறகு மேம்பாட்டுக்குப் போகலாம்.

இங்கே சொல்வதெல்லாம் தனிச் சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்), முன்னும் பின்னும் ஒரே கட்டியான ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங், தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவை கொண்ட வண்டிக்குப் பொருந்தும். சீரீஸ் லேண்ட் ரோவர், சுசூகி எஸ்.ஜே. போன்றவை இந்த வகை. டார்க் அளவும் (எவ்வளவு பலத்தில் இறுக்குவது என்பது) இடைவெளி அளவும் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே முதல் பாகத்தை வாங்கும் முன்பே உங்கள் வண்டிக்கான சர்வீஸ் மேனுவலை வாங்கிவிடுங்கள். டார்க் ரெஞ்ச், உறுதியான வைஸ், தூக்கிய வண்டியைத் தாங்க நாலு ஸ்டாண்டு, மல்டிமீட்டர் இருந்தால் கீழே உள்ள வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

ஜாக்கி வைக்கும் முன்

சீரீஸ் லேண்ட் ரோவரிலும் சுசூகி எஸ்.ஜே.யின் சில மாடல்களிலும் இன்னும் சிலவற்றிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் வரும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியதும், இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும். தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுழல, தரையில் உள்ள சக்கரம் எதிர்த் திசையில் உருளும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும், கியரில் போட்டிருந்தாலும் நகர்ந்துவிடும். எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

ஹப், பிரேக் வேலைக்கு ஆக்ஸில் குழாயின் கீழ் ஸ்டாண்டு வையுங்கள். ஸ்பிரிங் வேலைக்குச் சேசிஸின் கீழ் வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்குபவை. அவற்றை நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்குக் கீழே படுக்க வைத்தால் கூடுதல் காவல்.

எங்கே என்ன தேய்ந்திருக்கிறது

ஒரு பகல் முழுவதையும் சோதனைக்கே ஒதுக்குங்கள். எதையும் கழற்ற வேண்டாம், குறிப்பு மட்டும் எழுதுங்கள்.

சேசிஸை ஒரு சிறு சுத்தியலால் நுனி முதல் நுனி வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகளைச் சுற்றியும், பெட்டி போல மூடிய சேசிஸின் அடிப்பக்கத்திலும் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். சுத்தியல் உள்ளே போகும் அளவு ஓட்டை இருந்தால் வெல்டிங் முடியும் வரை மற்ற வேலைகளை நிறுத்துங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் ஹப் பேரிங் காரணம். மறையாவிட்டால், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங் பின் காரணம். பிரேக் ஹப்பையும் அதைத் தாங்கும் நக்கிளையும் ஒன்றாகப் பிடித்துவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மட்டும் மறைகிறது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தால், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் முனைகளான டை ராட் எண்டுகளைப் பாருங்கள்.

கியரை முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது "டக்" என்ற சத்தம் வந்தால் ஷாஃப்டைக் கையால் முறுக்கி, அதன் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டான கிராஸில் ஆட்டம் உள்ளதா எனப் பாருங்கள். கிராஸ் மூடியைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி ரோலர்கள் துருவாகிவிட்டன என்று பொருள்.

துரு பிடித்த போல்ட்டு

பழைய வண்டியில் நேரத்தை அதிகம் விழுங்குவது இதுதான். வேலைக்கு முதல் நாள் இரவே மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். காலையில் மறுபடி விடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருவேறிய தலையை வழுக்கி உருட்டிவிடும், ஆறு முனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். முதலில் இறுக்கும் பக்கம் சற்றே திருப்பித் துரு உடைந்த பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அசைந்ததும் கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று போய் வாருங்கள். ஒரே மூச்சில் திருப்பினால் துருத் தூள் மரையில் சிக்கிப் போல்ட்டு முறிந்துவிடும்.

சூடு காட்டுவதானால் நட்டுக்குக் காட்டுங்கள், போல்ட்டுக்கு வேண்டாம். நட்டு விரிந்தால் பிடி தளரும். ரப்பர் புஷ், பிரேக் குழாய், பெட்ரோல் அல்லது டீசல் குழாய் அருகில் தீ கூடாது. பிரேக் கிளீனர் தெளித்த இடத்திலும் கூடாது.

மாற்றும் போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 என்றிருந்த இடத்தில் குறைந்தது 8.8, 10.9 இருந்த இடத்தில் 10.9 போட வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டுக்கு ஸ்டீயரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் இடமில்லை.

பிரேக்

டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூளை ஊதாதீர்கள், கம்பிரசர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியில் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியது என்பதில் சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஷூவை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வீல் சிலிண்டரின் தூசு மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிகிறது. எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவியோ சூடாக்கியோ காப்பாற்ற முடியாது. டிரம் எந்த விட்டம் வரை தேயலாம் என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் கடைசல் பிடிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கலாம். மிதிக்கும் வேகத்தில் எண்ணெய் போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருப்பதற்கும் சூடேறுவதற்கும் இது அடிக்கடி காரணமாகிறது. வயது தெரியாத ஹோஸ் என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இரும்புக் குழாய் துருவேறியிருந்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடலாம். வளைக்க எளிது, துருவும் பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும். முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.

பிரேக் எண்ணெயில் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 சிலிக்கோன் வகை, அவற்றோடு சேராது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பிறகு அந்தத் தரம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட மலை இறக்கத்தில் திடீரெனப் பெடல் தரை வரை போவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். இது பெயின்டையும் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது இப்படி: மேனுவல் வேறு வரிசை சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். அந்தச் சக்கரப் பிரேக்கின் நிப்பிளில் தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது எண்ணெய் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, எண்ணெய் வந்ததும் மூடிய பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். குமிழி நின்றதும் அடுத்த சக்கரம். மேலே டேங்கில் எண்ணெய் தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதில் பலர் அறியாத ஒன்று: ஏர் எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டரின் பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். சீல் அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும், நேற்று வரை வேலை செய்த சிலிண்டர் இன்று கசியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் போதும்.

லீஃப் ஸ்பிரிங்கும் புஷ்ஷும்

தேய்ந்த புஷ்ஷை மாற்றியதும் வண்டியின் குணமே மாறிவிடும். பின்னால் வரும் அலைச்சல், பள்ளத்தில் விழும்போது வரும் இரும்புச் சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் ஒதுங்குவது எல்லாம் பல வண்டிகளில் இந்தச் சிறு ரப்பர் துண்டுகளிலிருந்துதான் வருகின்றன. செலவோடு ஒப்பிட்டால் இதைவிட அதிகப் பலன் தரும் வேலை பழைய வண்டியில் குறைவு.

சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலைத் தனி ஜாக்கியால் தாங்குங்கள். சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ்முனையை விடுவியுங்கள். ஆக்ஸிலை மெல்ல இறக்கி ஸ்பிரிங்கை முழுக்கத் தளரவிடுங்கள். இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கண் வைத்திருங்கள். பிறகு ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டு நட்டுகள், ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தகடான ஷேக்கிள், கடைசியாக மறுமுனைக் கண் (ஸ்பிரிங் முனையின் வளையம்) போல்ட்டு. இந்த வரிசையில் கழற்றினால் ஸ்பிரிங்கின் இழுவிசை உங்கள் மேல் திரும்பாது.

இரும்பு உறையோடு கூடிய பழைய புஷ் கண்ணுக்குள் இறுகியிருக்கும். நெருப்பு வைத்து ரப்பரை எரிப்பது சிலர் வழக்கம். அந்தப் புகை நச்சு, ஸ்பிரிங்கின் பதமும் கெடலாம். நடு ரப்பரைத் துளையிட்டு எடுத்து, ஹாக்ஸா பிளேடால் உறையை உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்தால் சுருங்கி வெளியே வரும். உறை அறுபட்ட இடத்தில் நிறுத்துங்கள், ஸ்பிரிங் கண்ணில் வெட்டு விழுந்தால் பின்னாளில் அங்கேதான் உடையும். புது புஷ்ஷை உள்ளே இழுக்க உறுதியான எம்12 மரைக் கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள், புஷ்ஷைவிடப் பெரிய வாயுள்ள சாக்கெட் ஒன்று போதும். வழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பாலியூரித்தேன் புஷ்ஷானால் அதோடு வரும் கிரீஸை மட்டும் பூசுங்கள், இல்லையென்றால் ஓயாமல் கிறீச்சிடும்.

ஸ்பிரிங்கின் பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்வதானால், அவற்றை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டுக்கு இருபுறமும் ஜி கிளாம்ப் போட்டுப் பிடித்த பிறகே நட்டைக் கழற்றுங்கள். பட்டைகள் ஒன்றையொன்று அழுத்தியபடி இருப்பவை, கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் தெறிக்கும். விரிசல் விட்ட பட்டை ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். புது ஸ்பிரிங் ஒரு பக்கமும் களைத்த ஸ்பிரிங் மறுபக்கமுமாக இருந்தால் வண்டி சாய்ந்து நிற்கும்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் தாங்கியின் குழியில் சரியாக உட்கார வேண்டும். அது உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்ஸில் கோணலாக நிற்கும், வண்டி நண்டு நடை போடும். யூ போல்ட்டு புதிதாகவே இருக்கட்டும். ஒருமுறை நீண்ட பழைய மரை மறுபடி அதே பிடியைத் தராது. நாலு நட்டையும் குறுக்கு நெடுக்காக, மூன்று நாலு சுற்றில் மேனுவல் சொல்லும் டார்க்குக்குக் கொண்டுவாருங்கள். நாலு முனையிலும் மரை ஒரே அளவு வெளியே நீண்டிருக்க வேண்டும்.

ஷேக்கிள், கண் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை குலுக்கிய பிறகுதான் அவற்றை முழு டார்க்கில் இறுக்க வேண்டும். இரும்பு உறையுள்ள ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கி முறுக்கி நிமிர்கிறது. ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். புது புஷ் சீக்கிரம் போய்விட்டதென்று புலம்பும் பலரின் வண்டியில் நடந்தது இதுதான்.

ஹப் பேரிங்

பழைய முன் ஹப்பில் பெரும்பாலும் இரண்டு கூம்பு ரோலர் பேரிங், இரண்டு நட்டு, நடுவே மடக்கும் லாக் வாஷர் இருக்கும். உளியும் சுத்தியலும் கொண்டு நட்டைத் திருப்புபவர்களைப் பின்பற்றாதீர்கள். அந்த நட்டுக்கான பெரிய எண்கோண அல்லது அறுகோண சாக்கெட் கிடைக்கிறது.

ரோலர்களையும் வெளிவளையத்தையும் டீசலில் கழுவிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. பள்ளமும் உதிர்வும் இருந்தால் ஆயுள் முடிந்தது. கழுவிய பேரிங்கைக் கம்பிரசர் காற்றில் சுழலவிடக் கூடாது. புது பேரிங் போடும்போது வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தைப் பித்தளைத் தண்டால் எதிரெதிர் பக்கமாகத் தட்டி வெளியேற்றலாம். புதியதை உள்ளே தட்டும்போது அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும்.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பால் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு இடையே பிதுங்கும் வரை நிரப்புங்கள். மேலே பூசினால் உள்ளே போகாது. லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்.எல்.ஜி.ஐ. 2 தரம் பொதுவாகப் பொருந்தும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள், வேறு வகை கிரீஸ்கள் கலந்தால் தண்ணீராக ஓடிவிடலாம்.

உள் நட்டை இறுக்கிக்கொண்டே ஹப்பைச் சுழற்றுங்கள். ரோலர்கள் இடத்தில் உட்காரும். பிறகு தளர்த்தி, மேனுவல் சொல்லும் லேசான இறுக்கத்துக்கு மறுபடி கொண்டுவந்து, வாஷர் போட்டு வெளி நட்டைப் பூட்டுங்கள். வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டு சற்று நகரும், அதனால் பூட்டிய பிறகு ஆட்டமும் சுழற்சியும் மறுபடி பார்க்க வேண்டும். அதிக இறுக்கம் பேரிங்கை எரித்துவிடும், தளர்வு ஆட்டம் தரும்.

ஷாஃப்டில் கிராஸ் மாற்றுவது

கழற்றும் முன் ஷாஃப்டின் இரு துண்டுகளிலும், அது போல்ட்டால் சேரும் ஃபிளாஞ்சுகளிலும் பெயின்டால் நேர்கோடு போடுங்கள். இரு துண்டும் சேரும் வழுக்கு மூட்டைப் பிரித்துவிட்டு வேறு பல்லில் சேர்த்தால், கிராஸைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளின் கோணம் மாறி, சக்கரம் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி அதிரும்.

லாக் வளையங்களை எடுத்து, வைஸில் ஒரு பக்கம் மூடியைவிடச் சிறிய சாக்கெட், மறுபக்கம் மூடி உள்ளே நுழையும் அளவு பெரிய சாக்கெட் வைத்து நெருக்குங்கள். சிறியது தள்ளும், பெரியதற்குள் மூடி போய் விழும். லாக் உட்காரும் பள்ளங்களைச் சுத்தம் செய்யுங்கள்.

புது கிராஸின் மூடிக்குள் ஊசி ரோலர்கள் கிரீஸில் ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு மூடியைப் பாதி நுழைத்து, கிராஸின் காலை அதற்குள் தள்ளி வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க மூடியை நெருக்குங்கள். கால் இரண்டு மூடிக்குள்ளும் இருந்தால் ஊசிகள் சாயாது. கடைசியில் லாக் வளையம் பள்ளத்தில் உட்கார ஒரு மி.மீ. போதாமல் நின்றால் ஊசி ஒன்று மூடியின் அடியில் விழுந்து கிடக்கிறது. பலம் கொடுத்து அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து, ஊசியை நிறுத்தி, மறுபடி போடுங்கள். முடிந்ததும் கிராஸ் இறுக்கமாகத் திரும்பினால் கவையின் காதுகளை மர அல்லது பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், இளகும். கிரீஸ் நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கிறதா என்பதை மாட்டும் முன் பாருங்கள்.

கியர் ஆயிலும் மூச்சுக் குழாயும்

ஆக்ஸில் ஆயிலை இறக்குவதற்கு முன் மேல் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருவில் அசையாமல் போனால் நிரப்ப வழியில்லாத வண்டி கையில் நிற்கும். மேல் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை நிரப்பினால் போதும், வண்டி சமதரையில் இருக்க வேண்டும்.

டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்ட் பற்களுக்கு ஜி.எல்.-5 வகை 80டபிள்யூ-90 கியர் ஆயில் பொதுவான தேர்வு. அதே ஆயிலைப் பழைய கியர் பாக்ஸிலும் ஊற்றிவிட வேண்டாம். ஜி.எல்.-5இல் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சில வகைகளில், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். மேனுவல் ஜி.எல்.-4 என்று சொன்னால் ஜி.எல்.-4தான். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல் அல்லது பேரிங் உடைகிறது. ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அந்தத் தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தீர்வும் தெரியும். ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைக்குள் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். மூச்சு விடும் ஓட்டை சேற்றில் அடைத்திருந்தாலோ தண்ணீருக்கு அடியில் இருந்தாலோ, அந்த வெற்றிடம் சீல் வழியாகவும் ஓட்டை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். எதிர்ப்பக்கமும் உண்டு. அடைத்த ஓட்டையோடு ஆக்ஸில் சூடேறினால் உள் அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே தள்ளிப் பிரேக் டிரம்மை நனைக்கும். ஆக்ஸில் சீல் கசிகிறதென்று மாற்றும் முன் மூச்சு ஓட்டையைப் பாருங்கள். சிறிய மூடியைக் கழற்றி, ஒரு நிப்பிள் போட்டு, ஆயிலைத் தாங்கும் குழாயை எஞ்சின் அறையின் மேல் மூலை வரை கொண்டுபோய் வளைத்துக் கட்டுங்கள். ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போதும் இழுபடாத அளவு தளர்வு விட வேண்டும். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதையே செய்யலாம். மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் நிஜமான மேம்பாடு இது.

ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் உள்ள பினியன் சீல் மட்டும் எச்சரிக்கையான வேலை. பல ஆக்ஸில்களில் அந்த நட்டின் இறுக்கமே பேரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. நட்டும் ஷாஃப்டும் எங்கே இருந்தன என்று குறித்து, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, மேனுவல் சொல்லும் முறையிலேயே திரும்ப மாட்டுங்கள்.

எஞ்சின் சூடும் மின்சாரமும்

சூடேறும் எஞ்சினிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வு ஆகாது. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடித் தேயும். ரேடியேட்டர் தகடுகளில் ஏறிய சேற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மெல்லிய நீரால் கழுவுங்கள், அழுத்தம் கூடினால் தகடு மடங்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகியிருந்தால் மாற்றுங்கள். காற்றழுத்தத்துக்கு மேல் 1 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும், அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடிதான். சூடான ரேடியேட்டரைத் திறக்கவே கூடாது.

மின்சாரக் கோளாறில் பெரும்பங்கு எர்த்தில் இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, உலோகம் பளிச்சிடத் தேய்த்து மாட்டுங்கள். மங்கலான ஹெட் லைட்டுக்கு வாட்ஸ் கூடிய பல்பைவிட ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) நல்லது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து விளக்குக்கு, பழைய சுவிட்ச் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இரண்டு 55 வாட் பல்புக்கு சுமார் 9 ஆம்பியர் ஓடும், 15 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மி.மீ. வயரும் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

உயரமும் டயரும்

ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயரும், சேசிஸ் உயரும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். கட்டி ஆக்ஸில் வண்டியில் அதன் வயிற்றைத் தரையிலிருந்து விலக்குவது டயர் ஒன்றுதான். 28 அங்குல டயரை 31 அங்குலமாக்கினால் விட்டம் 3 அங்குலம் கூடும், ஆக்ஸிலுக்குக் கீழ் அதில் பாதி, அதாவது 38 மி.மீ., கிடைக்கும். ஸ்பிரிங் உயரம் கூட்டுவது அந்த டயருக்கு இடம் கொடுக்கத்தான். ஆகவே எந்த டயர் என்று முதலில் முடிவெடுத்து, அது உரசாமல் இருக்கத் தேவையான உயரத்தை மட்டும் கூட்டுங்கள். பழைய வண்டிக்கு 50 மி.மீ. வரை நிதானமான அளவு.

டயரின் விலை கடையோடு முடிவதில்லை. 31ஐ 28ஆல் வகுத்தால் 1.107. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகும். எஞ்சினுக்கு அதே அளவு கியர் நீண்டுவிடும், ஏற்றத்தில் திணறும், கிளட்ச் சூடேறும், பிரேக்கின் பிடியும் குறையும். முன்பிருந்த இழுவை திரும்ப வேண்டுமென்றால் ஆக்ஸிலுக்குள் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கர ஜோடியை 4.11 விகிதத்திலிருந்து 4.56 விகிதத்துக்கு மாற்ற வேண்டும். அதைப் பொருத்தி இடைவெளி அளப்பது அனுபவமுள்ள கையிடம் விட வேண்டிய வேலை.

உயர்த்திய பிறகு கட்டாயம் பார்க்க வேண்டியவை சில. ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கி அடிபடும் முன், ஆக்ஸிலைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் வேலை செய்ய வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிமுனையும் பினியனும் இணையாக இருக்க வேண்டும், கோணம் தப்பினால் அதிர்வு வரும். காஸ்டர் கோணம் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்தால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, ஆப்புத் தகடு கொண்டு சரி செய்யலாம். நீளமான ஷேக்கிள் போடுவது மலிவான வழி. ஆனால் 50 மி.மீ. நீளம் கூட்டினால் உயரம் சுமார் 25 மி.மீ.தான் கூடும், ஆக்ஸிலும் சேர்ந்து சாயும். முன் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே உயரக் கட்டை வைக்கவே கூடாது.

பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் உதறினால் பலர் அந்த உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றுகிறார்கள். டேம்பர் நோயை மறைக்கும். கிங் பின், டை ராட் எண்டு, ஹப் பேரிங், ஸ்பிரிங் புஷ், டயர் பேலன்ஸ், காஸ்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆட்டத்தைக் கண்டுபிடியுங்கள்.

வேலை முடிந்த முதல் ஓட்டம்

பக்கத்திலேயே, மெதுவாக, 10 கி.மீ. ஓட்டி நிறுத்துங்கள். நாலு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தகித்தால் பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் விடாமல் பிடிப்பது காரணம். சரிசெய்யாமல் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். வீல் நட்டுகளை அப்போதே ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். யூ போல்ட்டை முதல் 100 கி.மீ. முடிந்ததும், பிறகு 500 கி.மீ.யிலும் மறுபடி இறுக்குங்கள். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது போல்ட்டு தளரும், தளர்ந்த யூ போல்ட்டு சென்டர் போல்ட்டை வெட்டிவிடும். காட்டுப் பாதைக்குப் போய்வந்தால் அடுத்த நாளே அடிப்பக்கத்தைக் கழுவி, கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். ஆழத் தண்ணீரில் இறங்கியிருந்தால் ஆக்ஸிலின் மேல் பிளக்கையும் திறந்து, விரல் நுனியால் ஆயிலைத் தொட்டு நிறம் பாருங்கள்.